கனவு என்று படகுக்குப் பெயர் வைத்தவர்

மலர் என்றால் காமராஜர், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று எழுதுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்டது வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கரை. பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நம்ம பக்கம்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இவர் கதையில் தமிழர் கட்டிய கப்பல் ஒன்று வருகிறது, நம் ஊர் யானைக்கால் நோயும் வருகிறது!

1902 இல் பிறந்தார். 1928 இல் 'ஸ்வாப்' என்ற சொந்தப் படகில் கிளம்பினார். ஸ்வாப் என்றால் சமஸ்கிருதத்தில் உறக்கம், கனவு. படகின் நீளம் 32 அடி சொச்சம்தான். நம் டவுன் பஸ்ஸை விடச் சின்னது என்றால் பாருங்கள்! பனாமா கால்வாய், டாஹிட்டி, பிஜி, கிழக்கிந்தியத் தீவுகள், செங்கடல், மத்தியதரைக் கடல் என்று சுற்றி 1931 நவம்பரில் நியூயார்க் திரும்பினார். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளில் அதுதான் மிகச் சிறியது என்றார்கள். வழியில் டாஹிட்டிக்காரர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு புளோரன்ஸ் கிரேன் என்ற பெண்ணை மணந்தார். பைப், வால்வு செய்யும் அதே கிரேன் கம்பெனிக் குடும்பம்தான். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1934 இல் கலாபகஸ் தீவில் இருந்தபோது குடல்வால் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரி கிடையாது, மனித நடமாட்டமே இல்லாத இடம். தற்செயலாக வந்த மீன்பிடிக் கப்பலின் ரேடியோ மூலம் சேதி போய், பனாமாவிலிருந்து கடற்படை விமானங்கள் டாக்டரோடு பறந்து வந்தன. உயிர் பிழைத்தார். படகுதான் போய்விட்டது.

இப்போது நம்மவர் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் 1930 இல் சுந்தர மேஸ்திரியார் வேப்பமரத்தில் ஒரு கப்பல் கட்டினார். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். பெயர் அன்னபூரணி. இதை ராபின்சன் விலைக்கு வாங்கினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் தமிழ் மாலுமிகளும் ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938 ஆகஸ்ட் 1 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அட்லாண்டிக்கையே தாண்டியிருக்கிறது நம்ம வேப்பமரம்!

ஒரு விஷயம்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அன்னபூரணி என்ற பெயரை அழித்து 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மனைவி பெயரை வைத்துவிட்டார். காசு கொடுத்தவர் வைக்கிறார், சரி. ஆம்பூரில் தைக்கிற ஷூவிலும் வெளிநாட்டுக்காரன் பெயர்தானே இருக்கிறது? தைத்தவர் பெயரை யார் போடுகிறார்கள்? அந்த மணவாழ்க்கையும் நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

போருக்குப் பிறகு தான் கட்டிய 70 அடி 'வருவா'வில் டாஹிட்டி போய் அங்கேயே தங்கினார். அந்தத் தீவுகளில் யானைக்கால் நோய் அதிகம். எலி கடித்துப் போட்ட தேங்காயில் மழைத்தண்ணீர் தேங்கும், அதில் கொசு முட்டையிடும். (நம் பக்கம் சாக்கடைக் கொசு.) பணக்காரர் படகில் ஏறி அடுத்த தீவுக்குப் போயிருக்கலாம். இவர் பணமும் முயற்சியும் போட்டு 1949 இல் அங்கே மருத்துவ ஆராய்ச்சி நிலையம் வரக் காரணமானார். அங்கே டி.இ.சி. மருந்தை ஜனங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்தைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! எங்கள் வீட்டுக்குக் கதவைத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்களே, அதே மாத்திரைதான். பாட்டி அதைத் தூக்கிப் போட்டுவிடுவாராம், தலை சுத்துது என்று. எங்கள் தெருவில் காலில் அந்த வீக்கத்தோடு ஒரு பெரியவர் கடைசிவரை செருப்பே போட முடியாமல் இருந்தார். சுற்றி அத்தனை தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் இருக்கிற ஊரில்!

கடைசியில் ராபின்சனுக்கு டைஆரோ என்ற பவளத்தீவு சொந்தமாயிற்று. வளையல் மாதிரி வட்டமான தீவு, நடுவில் கடலோடு சேராத நீர்நிலை. பறவைக்கும் மீனுக்கும் என்று அதை ஒதுக்கி வைத்தார். 1977 இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது.