மலைமுகட்டைத் திறந்தவர்

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரைக் கடந்து செல்வோர், தென்மேற்கே நெடுஞ்சுவரென நிற்கும் மலையைக் காண்பர். ஏறுதற்கு அஃது அத்துணை அரியதன்று. ஒரு முற்பகலில் முகட்டை எய்திவிடலாம். ஆயின், முற்காலத்தில் அம்முகட்டிற்கு இப்பால் வானத்தை நோக்கி வயல்கள் வறண்டு கிடந்தன. அப்பால் பேரியாறு பெருகி மேலைக்கடலிற் கலந்தது. 1808-ஆம் ஆண்டில் அவ்விடத்தை ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் (மொழியாராய்ச்சி செய்த பேராயர் அல்லர், இவர் வேறொருவர்) ஆற்றைத் திருப்புதல் இயலாதென்று முடிவு கூறினார்.

அதனை இயற்றியவர் பென்னிகுயிக். 1841-இல் பூனாவிற் பிறந்த இவர், எட்டாம் பிறந்தநாளுக்கு இரு நாள் முன்னர்ச் சில்லியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தார். 1860-இல் பொறியாளராய் இந்தியாவிற்கு வந்தார். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்திற்குப் பின்னரே அரசினர் அணைத்திட்டத்தில் ஊக்கங் கொண்டனர்.

1887-இல் வேலை தொடங்கியது. அடிவாரத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல் கம்பிவடத்தின் வழியே முகட்டிற்கு ஏறியது. வெள்ளம் வந்து, கட்டியவற்றை அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சல் தொழிலாளர் பலரைக் கொன்றது. அணையின் புகழைப் பேசுவோர் பெயரறியா அவர்களை நினைப்பது அரிது. பென்னிகுயிக் மீண்டும் கட்டினார். முகட்டை ஒரு மைலுக்கு மேல் குடைந்தமைத்த சுரங்கத்தின் வழியே, 1895 அக்டோபரில் பேரியாற்று நீர் கிழக்கு நோக்கி இறங்கியது.

அவர் 1911-இல் இங்கிலாந்தில் மறைந்தார். இப்பள்ளத்தாக்கினர் தைத்திங்களில், அவர் பிறந்த நாளன்று பொங்கலிடுகின்றனர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரையிட்டு அழைப்போரும் உளர்.