துவளாத உள்ளம்: மன்னர் இராபர்ட் புரூஸ்

பிரித்தானியத் தீவின் வடபகுதியில் ஸ்காட்லாந்தும் தென்பகுதியில் இங்கிலாந்தும் உள்ளன. இன்று இரண்டும் ஒரே அரசின்கீழ் இயங்குகின்றன. இடைக்காலத்தில் அவை தனித்தனி மன்னர்கள் ஆண்ட தனித்தனி நாடுகள். வலிமை மிக்க இங்கிலாந்தின் பிடியிலிருந்து ஸ்காட்லாந்தை மீட்டவர் என்று போற்றப்படுபவர் இராபர்ட் புரூஸ். அவருடைய வாழ்வில் வீரம் உண்டு. தடுமாற்றமும் பெரும்பிழையும் உண்டு.

அரசரை இழந்த நாடு

புரூஸ் 1274ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பிறந்தார். அவருடைய குடும்பத்திற்கு இரு நாடுகளிலும் நிலங்கள் இருந்தன. அவருக்குப் பதினோரு வயதானபோது, ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்சாந்தர் புயல் வீசிய ஓரிரவில் குதிரையில் சென்றபோது உயிரிழந்தார். நார்வேயில் இருந்த சிறுமியான அவருடைய பேத்திக்கு முடியுரிமை சென்றது. அச்சிறுமியும் 1290இல் ஸ்காட்லாந்துக்கு வரும் வழியில் இறந்துபோனாள்.

அரியணைக்குப் பலர் உரிமை கோரினர். புரூசின் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். உள்நாட்டுப் போர் மூளுமோ என்று அஞ்சிய ஸ்காட்லாந்துப் பெருமக்கள், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டை நடுவராக இருக்குமாறு வேண்டினர். அவரோ, முதலில் தம்மை ஸ்காட்லாந்தின் பேரரசராக ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1292இல் ஜான் பேலியல் மன்னரானார். தம் போர்களுக்குப் படை அனுப்புமாறு எட்வர்டு அவருக்கு ஆணையிட்டார். ஸ்காட்லாந்து மறுத்து, பிரான்சோடு உடன்படிக்கை செய்துகொண்டது. சினந்த எட்வர்டு 1296இல் படையெடுத்துப் பேலியலின் முடியைப் பறித்தார். ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடும்போது பயன்படுத்திய புனிதக் கல்லையும் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார்.

தடுமாற்றமும் பிழையும்

பேலியலின் குலம் புரூஸ் குலத்திற்குப் போட்டியானது. ஆகவே தொடக்கத்தில் புரூஸ் எட்வர்டின் பக்கம் நின்றார். 1297இல் வில்லியம் வாலசும் ஆண்ட்ரூ மரேயும் ஸ்டர்லிங் பாலத்தருகே ஆங்கிலப் படையை வென்றனர். அவ்வாண்டில் புரூசும் எட்வர்டுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்தார். எனினும் 1302இல் மீண்டும் எட்வர்டுக்குப் பணிந்தார். வாலஸ் 1305இல் பிடிபட்டு இலண்டனில் கொடிய முறையில் கொல்லப்பட்டார்.

1306 பிப்ரவரியில் புரூஸ், மற்றொரு பெருந்தலைவரான ஜான் காமினை டம்பிரீஸ் நகரத் தேவாலயத்தில் சந்தித்தார். பேச்சு பூசலாயிற்று, காமின் குத்திக் கொல்லப்பட்டார். வழிபாட்டிடத்தில் நிகழ்ந்த இக்கொலைக்காகத் திருத்தந்தை புரூசைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். காமினின் உறவினர் அவருக்குத் தீராப் பகைவராயினர். இனித் திரும்பிச் செல்ல வழியில்லை என்று உணர்ந்த புரூஸ், ஆறே வாரங்களில் ஸ்கோன் என்னும் ஊரில் முடிசூடிக்கொண்டார்.

தோல்வி கற்பித்த பாடம்

முடிசூடிய மூன்று மாதங்களுக்குள் மெத்வென் என்னுமிடத்தில் அவர் படை சிதறியது. தம்பியர் மூவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். மனைவியும் மகளும் உடன்பிறந்த மகளிரும் சிறைப்பட்டனர். அவருக்கு முடிசூட்டிய இசபெல்லா என்னும் பெருமாட்டி கூண்டில் அடைக்கப்பட்டார். நாடற்றவராய்ப் புரூஸ் தீவுகளில் ஒளிந்து திரிந்தார்.

அக்காலத்தில் குகையொன்றில் ஒரு சிலந்தி விழுந்து விழுந்து மீண்டும் வலை பின்னியதைக் கண்டு அவர் ஊக்கம் பெற்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வால்டர் ஸ்காட் என்னும் எழுத்தாளரால் பரவிய கதை அது. சிலந்தி கற்பித்ததோ இல்லையோ, தோல்வி அவருக்குக் கற்பித்தது உண்மை. பெரும்படையைத் திறந்த வெளியில் எதிர்ப்பது வீண் என்று அவர் அறிந்துகொண்டார். 1307இல் திரும்பி வந்து, காடுகளிலும் மலைகளிலும் மறைந்திருந்து சிறுசிறு படைகளைத் தாக்கினார். அவ்வாண்டு ஜூலையில் முதலாம் எட்வர்டு எல்லையருகே இறந்தார். அவர் மகன் இரண்டாம் எட்வர்டு தந்தையைப் போன்ற போர்த்திறம் உடையவர் அல்லர்.

பின்னர்க் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. லின்லித்கோ கோட்டைக்கு வைக்கோல் கொண்டுசெல்லும் உழவர் ஒருவர், வண்டியில் வீரர்களை மறைத்துச் சென்றார்; வாயிலின் நடுவே வண்டியை நிறுத்தியதால் இரும்புக் கதவை இறக்க முடியவில்லை. எடின்பரோ கோட்டையின் செங்குத்தான பாறையில் வீரர்கள் இரவில் ஏறி உட்புகுந்தனர். பிடித்த கோட்டைகளைப் புரூஸ் இடித்துத் தள்ளச் செய்தார். மீண்டும் அவை பகைவருக்குப் பயன்படக் கூடாது என்பதே காரணம்.

பானக்பர்ன் வெற்றி

ஸ்டர்லிங் கோட்டையை மீட்க 1314 ஜூனில் இரண்டாம் எட்வர்டு பெரும்படையுடன் வந்தார். புரூசின் படை அதில் பாதியளவும் இல்லை. எனவே பானக்பர்ன் என்னும் ஓடையருகே, சதுப்பு நிலம் சூழ்ந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்தார். குதிரைகள் வரும் வழியில் குழிகள் வெட்டி மறைத்தார். முதல் நாள் ஆங்கில வீரர் ஹென்றி டி போகன் ஈட்டியுடன் அவர்மேல் பாய்ந்தபோது, விலகி நின்று கோடரியால் ஒரே அடியில் வீழ்த்தினார். மறுநாள் நீண்ட ஈட்டிகளை நீட்டி அணிவகுத்த அவருடைய காலாட்படை முன்னேறியது. நெருக்கமான இடத்தில் ஆங்கிலக் குதிரைப்படையால் அசைய முடியவில்லை. எட்வர்டு போர்க்களத்தை விட்டு ஓடினார். பிடிபட்ட ஆங்கிலப் பெருமகன் ஒருவருக்கு ஈடாக, எட்டாண்டுகள் சிறையிலிருந்த புரூசின் மனைவியும் மகளும் வீடு திரும்பினர்.

அமைதியும் இறுதியும்

போர் அத்துடன் முடியவில்லை. புரூசின் படைகள் வட இங்கிலாந்தின் ஊர்களைச் சூறையாடின. போருக்குக் காரணமல்லாத உழவர்கள் எல்லையின் இருபுறமும் துன்புற்றனர். 1320இல் ஸ்காட்லாந்துப் பெருமக்கள் திருத்தந்தைக்கு இலத்தீனில் ஒரு மடல் விடுத்தனர். புரூசே இங்கிலாந்துக்குப் பணிந்தாலும் அவரை நீக்கி வேறு மன்னரைத் தேர்வோம் என்று அதில் உறுதிபட எழுதினர். மன்னரைவிட நாட்டின் உரிமை பெரிது என்பது அம்மடலின் கருத்து. இறுதியில் 1328இல் இங்கிலாந்து ஸ்காட்லாந்தைத் தனி நாடாக ஏற்றது. புரூசின் நான்கு வயது மகனுக்கும் ஆங்கில மன்னரின் தங்கைக்கும் திருமணம் நிகழ்ந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள் புரூஸ் நோயால் மறைந்தார். புனிதப் போருக்குச் செல்ல விரும்பியும் இயலாத அவர், தம் இதயத்தையேனும் கொண்டுசெல்லுமாறு வேண்டியிருந்தார். நண்பர் ஜேம்ஸ் டக்ளஸ் அதை ஏந்திச் சென்று ஸ்பெயினில் போரிட்டு மாண்டார். இதயம் தாயகம் திரும்பி மெல்ரோஸ் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

சில ஆண்டுகளிலேயே மீண்டும் போர் மூண்டது. ஆயினும் 1603இல், புரூசின் மகள் வழியில் வந்த ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்சே இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். வாளால் இணையாத இரு முடிகளும் உறவால் இணைந்தன. முதலாம் எட்வர்டு கொண்டுசென்ற கல், 700 ஆண்டுகளுக்குப் பின் 1996இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது.

சொற்பொருள்

அரியணை – அரசர் அமரும் இருக்கை
பூசல் – சண்டை
சதுப்பு நிலம் – நீர் ஊறிய சேற்று நிலம்
மடல் – கடிதம்
மாண்டார் – இறந்தார்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஸ்காட்லாந்துப் பெருமக்கள் நடுவராக வேண்டியவர் ________.
2. புரூசின் இதயம் அடக்கம் செய்யப்பட்ட இடம் ________ மடம்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கைப்பற்றிய கோட்டைகளைப் புரூஸ் ஏன் இடித்தார்?
2. 1320ஆம் ஆண்டு மடலின் கருத்து யாது?

இ. சிந்தித்து எழுதுக.
புரூஸ் செய்த பிழைகளை அறிந்த பின்னும் அவரைப் போற்றலாமா? உன் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.