பூத்தேடி இமயம் ஏறியவர், பால்மரம் இங்கு வரவும் காரணமானவர்: ஜோசப் ஹூக்கரின் கதை

லண்டனுக்குப் போகும் நம்மவர்கள் பலர் கியூ தாவரவியல் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் போனால் அங்கே தவறவிடக்கூடாத இடம் ரோடோடென்ட்ரான் பள்ளம். தாழ்வான பாதையின் இருபுறமும் ஆள் உயரத்தைத் தாண்டிய செடிகள். சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை எனக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும்.

அந்தப் பள்ளம் 18ஆம் நூற்றாண்டிலேயே வெட்டப்பட்டது. அதில் இமயமலைப் பூக்கள் வந்து சேர முக்கியக் காரணம் ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற தாவரவியலாளர். நம் தாத்தா பாட்டிகள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் கடல் தாண்டி மலாயாவுக்கு வந்ததற்குப் பின்னால் இருந்த மரம், அவர் நிர்வகித்த அதே தோட்டத்தின் கண்ணாடி வீட்டில்தான் முளைவிட்டது. பூவின் கதையோடு அந்த மரத்தின் கதையையும் சேர்த்துப் படித்தால்தான் இவர் வாழ்க்கை நமக்கு முழுமையாகப் புரியும்.

தந்தை வழியில்

ஹூக்கர் 1817 ஜூன் 30ஆம் தேதி இங்கிலாந்தின் ஹேல்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹூக்கர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். மற்ற பிள்ளைகள் விளையாடும் வயதில் இவர் தந்தையின் வகுப்பில் போய் உட்கார்ந்து செடிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படித்தது மருத்துவம். 1839இல், 22 வயதில், ஜேம்ஸ் ராஸ் தலைமையில் தென்துருவக் கடலுக்குப் புறப்பட்ட எரிபஸ் என்ற கப்பலில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். பயணம் நான்கு ஆண்டுகள் நீடித்தது. நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, நியூசிலாந்து, டாஸ்மேனியா எனக் கப்பல் நின்ற இடங்களில் எல்லாம் செடி சேகரித்தார்.

அவர் திரும்பி வந்தபோது தந்தை கியூ தோட்டத்தின் இயக்குநராகியிருந்தார். சார்ல்ஸ் டார்வினின் நட்பும் அப்போதுதான் வளர்ந்தது. உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற தம் எண்ணத்தை உலகுக்குச் சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1844இல், டார்வின் மனம் திறந்து தெரிவித்த மிகச் சிலரில் ஹூக்கரும் ஒருவர். அந்த நட்பு டார்வின் இறக்கும்வரை தொடர்ந்தது.

சிக்கிம் காடுகளில்

1847 நவம்பரில் ஹூக்கர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். தலைமை ஆளுநராகப் பதவியேற்கப் போய்க்கொண்டிருந்த டல்ஹௌசி பிரபுவின் குழுவோடு வழியில் சேர்ந்துகொண்டார். 1848 ஏப்ரலில் டார்ஜீலிங்கை அடைந்தார். எதிரே கஞ்சன்ஜங்கா. அதைச் சுற்றிய சிக்கிம் காடுகளில் என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று ஐரோப்பிய அறிவியலாளர்களுக்கு அப்போது அநேகமாகத் தெரியாது.

அந்த ஆண்டு அக்டோபரில் அவர் கிழக்கு நேப்பாளம் நோக்கி முதல் நீண்ட பயணத்தைத் தொடங்கியபோது குழுவில் 56 பேர் இருந்தார்கள். லெப்சா, பூட்டியா இனத்தவர்களும் நேப்பாளிகளும் அதில் அடக்கம். கூடாரம், அரிசி, கருவிகள், செடிகளைப் பரப்பிக் காயவைக்கும் காகிதக் கட்டுகள் என்று எல்லாம் அவர்கள் முதுகில் ஏறின. பள்ளத்தாக்குகளில் அட்டைக்கடி, மேலே குளிரும் பனியும். வெறுங்காலோடு பனியில் நடந்தவர்களும் உண்டு.

ரோடோடென்ட்ரான் ஒரே மாதிரிச் செடி அல்ல என்பதை ஹூக்கர் அங்கே கண்டார். உயரம் கூடக் கூட இனமும் மாறியது. கீழே சில இனங்கள் நம் ஊர் ஆர்க்கிட் போலப் பெரிய மரங்களின் கிளைகளில் தொற்றி வளர்ந்தன. நடுப்பகுதியில் அவையே காடாக நின்றன. மரம் வளராத உயரத்திலோ தரையோடு படர்ந்த குட்டைச் செடிகளாக இருந்தன. பூக்கும் மாதத்தில் போய்ப் படம் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு விதை முற்றும் காலத்தில் அதே மலைக்கு மறுபடி ஏற வேண்டும். விதையோ தூசிபோல நுண்ணியது. அதைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி, மலையிறக்கி, கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்.

இருபதுக்கும் மேற்பட்ட இனங்களை அவர் அறிவியல் உலகத்துக்குப் புதிதாக அறிமுகப்படுத்தினார். அவர் வரைந்தனுப்பிய படங்களை வைத்து வால்டர் ஃபிட்ச் என்ற ஓவியர் 30 வண்ணப்படங்களை உருவாக்கினார். அவை 1849 முதல் 1851 வரை நூலாக வெளிவந்தன. முதல் பகுதி வெளியானபோது ஹூக்கர் இன்னும் மலையில்தான் இருந்தார். செல்வந்தர்கள் தங்கள் தோட்டங்களில் இந்தச் செடிகளை வளர்க்கப் போட்டி போட்டார்கள்.

புதிய இனங்களுக்கு அவர் சூட்டிய பெயர்களையும் கவனிக்க வேண்டும். மரக்கிளையில் வெண்மணி போலப் பூத்த ஒன்றுக்கு டல்ஹௌசி சீமாட்டியின் பெயர். இரத்தச் சிவப்புப் பூவுக்கு நண்பர் தாம்சனின் பெயர். மஞ்சள் பூ ஒன்றுக்கு, மதராஸ் மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் வைட்டின் பெயர். தங்க இடம் தந்த ஹாட்ஜ்சனுக்கும் ஒரு பூ கிடைத்தது. வழிகாட்டிய லெப்சாக்களையும் சுமை தூக்கியவர்களையும் ஹூக்கர் தம் பயண நூலில் பாராட்டி எழுதியிருக்கிறார். ஆனால் ஆட்களின் பெயரில் அவர் வைத்த பூக்கள் ஐரோப்பியர்களுக்கே போயின.

சிறைப்பட்ட நாட்கள்

அன்றைய சிக்கிம் தனி நாடு. அந்நியர் அதன் எல்லைப் பகுதிகளில் திரிவதை அரசரின் திவான் விரும்பவில்லை. ஹூக்கரும் டார்ஜீலிங் நிர்வாகி கேம்ப்பெல்லும் தடையை மீறித் திபெத்துக்குள் நுழைந்து திரும்பினார்கள். 1849 நவம்பரில் இருவரும் பிடிபட்டார்கள். கேம்ப்பெல் கட்டிவைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார். டிசம்பர் இறுதியில்தான் விடுதலை கிடைத்தது.

அதற்குச் சிக்கிம் கொடுத்த விலை பெரிது. பிரிட்டிஷ் ஆட்சி டார்ஜீலிங்குக்காகக் கொடுத்து வந்த ஆண்டுத் தொகையை நிறுத்தியது. சிக்கிமின் தென்பகுதி நிலத்தையும் எடுத்துக்கொண்டது. பூத்தேடிப் போன ஒரு பயணம் ஒரு நாட்டின் எல்லைக்கோட்டையே மாற்றியது.

கியூ தோட்டத்தின் தலைமையில்

1851இல் இங்கிலாந்து திரும்பிய ஹூக்கர் அதே ஆண்டு பிரான்சிஸ் ஹென்ஸ்லோவை மணந்தார். 1855இல் கியூவின் துணை இயக்குநரானார். தந்தை இறந்ததும் 1865இல் இயக்குநரானார். வீட்டில் துயரங்கள் இருந்தன. 1863இல் ஆறு வயது மகளைப் பறிகொடுத்தார். 1874இல் மனைவி இறந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் மறுமணம் செய்துகொண்டார்.

இன்று கியூவில் பொதுமக்கள் காலையிலேயே நுழைந்து பூப்பார்க்கிறார்கள். ஹூக்கரின் காலத்தில் அப்படி இல்லை. தோட்டம் ஆராய்ச்சிக்கானது, காலை நேரம் ஆய்வுப் பணிக்கு வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. முற்பகலில் திறந்துவிடக் கோரிய அக்கம்பக்கத்தாருடன் அவர் பல ஆண்டுகள் இழுபறியில் இருந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்குப் பணம் தரக்கூடிய பயிர்களை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு மாற்றுவதும் அந்தத் தோட்டத்தின் வேலையாக இருந்தது.

பால்மரம் வந்த வழி

1876 ஜூன் மாதம், ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் அமேசான் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆயிரம் விதைக்குப் பத்து பவுன் என்று பேசியிருந்தார்கள். பிரேசிலில் பலர் இதை இன்றும் விதைத் திருட்டு என்றே சொல்கிறார்கள். கண்ணாடி வீடுகளில் இடம் ஒதுக்கி விதைத்ததில் நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. பிழைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது.

1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் பூமலைக்கு வந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுபோய் நடப்பட்டன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. கினபாலு மலையில் ஏறிச் செடி சேகரித்தவர். அங்கே அவர் கண்ட மஞ்சள் ரோடோடென்ட்ரானுக்கு லோவின் பெயரையே வைத்தவர் ஹூக்கர்தான். பூவால் ஏற்பட்ட பழக்கம் உள்ளவர் ஆட்சி செய்த ஊரில் பால்மரமும் வேர்பிடித்தது.

அடுத்த நடந்ததை நம் குடும்பங்கள் அறியும். மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி, ரப்பருக்குத் தேவை கூடியது. காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள்சேர்த்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் உளி பிடித்து மரம் சீவி, லயன் வீடுகளில் பிள்ளை வளர்த்த தலைமுறை அப்படித்தான் உருவானது. கண்ணாடி வீட்டில் முளைத்த கன்றுகளின் எண்ணிக்கை கணக்கேட்டில் இருக்கிறது. தோட்டத்தில் மடிந்த நம் முன்னோர் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சிக்கிமில் சுமை தூக்கியவர்களுக்கும் நம்மவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே நிலைதான்.

கடைசிக் காலம்

ஹூக்கர் 1885இல் ஓய்வு பெற்றார். ஆனால் எழுத்தை நிறுத்தவில்லை. 1872இல் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலை 1897இல் முடித்தார். மலாய்த் தீபகற்பத்தின் செடிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. மலாயா ரப்பர் விலை உச்சத்தைத் தொட்ட 1910ஆம் ஆண்டிலும் அவர் உயிரோடு இருந்தார். 1911 டிசம்பர் 10ஆம் தேதி, 94 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோதும், கியூ தேவாலயத்தில் தந்தையின் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

ரோடோடென்ட்ரானைப் பார்க்க லண்டன்வரை போக வேண்டியதில்லை. கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரத்துப் பாசிக்காட்டில் நம் நாட்டு இனங்கள் மரக்கிளைகளில் தொற்றிப் பூக்கின்றன. போகும் வழியிலோ வரும் வழியிலோ கோலகங்சாரிலும் வண்டியை நிறுத்தலாம். மாவட்ட அலுவலகம் அருகே, அந்த ஒன்பதில் ஒன்று என்று அடையாளம் காட்டப்படும் பழைய பால்மரம் நிற்கிறது. பிள்ளைகளை அதன் அடியில் நிறுத்திப் படம் எடுக்கும்போது, தாத்தா எந்தத் தோட்டத்தில், எத்தனை வயதில் உளி பிடித்தார் என்பதையும் பெயரோடு சொல்லிவிடுங்கள்.