காந்தியின் தென்னாப்பிரிக்க நலவாழ்வுப் பணிகள்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி (அக்டோபர் 2, 1869 – ஜனவரி 30, 1948) இந்திய விடுதலைப் போராட்டத்தை அறவழியில் நடத்திய தலைவர் ஆவார். இவர் 1893 முதல் 1914 வரை, இடையிடையே சில பயணங்கள் தவிர, தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். அங்கு குடியேறியிருந்த இந்தியர்களின் உரிமைகளுக்காகப் போராடியதோடு, அவர்களிடையே தூய்மை, நோய்த்தடுப்பு, நோயாளர் பராமரிப்பு ஆகியன பற்றிய அறிவைப் பரப்பவும் முயன்றார். அம்மக்களில் தமிழர் பெரும் பகுதியினராக இருந்தனர். காந்தியின் வாழ்வில் அதிகம் பேசப்படாத இப்பணிகளைப் பற்றியது இக்கட்டுரை.

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்திலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை ஏற்றிய முதற் கப்பலான துரூரோ, சென்னைத் துறைமுகத்திலிருந்து 342 பேருடன் புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 152,000 பேர் அங்கு சென்றனர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றோர். தமிழும் தெலுங்கும் பேசியோர். பின்னர் குஜராத்திலிருந்து வணிகர்களும் தம் சொந்தச் செலவில் வந்து குடியேறினர்.

இந்தியர்கள் தூய்மையற்றவர்கள், நோய் பரப்புபவர்கள் என்பது வெள்ளையர் பலர் அவர்கள்மீது சுமத்திய முதன்மையான குற்றச்சாட்டாகும். இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1897இல் நேட்டாலில் நிறைவேறிய வணிக உரிமச் சட்டம், கடை தூய்மையாக இல்லை என்று கூறி உரிமத்தை மறுக்க அதிகாரிகளுக்கு இடமளித்தது. எனவே நலவாழ்வு பற்றிய அறிவு, உயிரோடு மட்டுமன்றிப் பிழைப்போடும் குடியிருக்கும் உரிமையோடும் பிணைந்த ஒன்றாக இருந்தது.

இளமையும் மருத்துவ ஆர்வமும்

காந்தி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில், நோயுற்றிருந்த தந்தையின் புண்ணுக்குக் கட்டுப்போடுதல், மருந்து கலந்து கொடுத்தல் ஆகிய பணிகளைச் செய்தார். தந்தை 1885இல் காலமானார். மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் பேச்சு எழுந்தபோது மருத்துவம் படிக்க விரும்பினார். வைணவக் குடும்பத்தினர் பிணத்தை அறுக்கும் படிப்பைப் படிப்பதைத் தந்தை விரும்பியதில்லை என்று அண்ணன் தடுத்தமையால் சட்டம் படித்தார். 1893 மே மாதம் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காக டர்பன் வந்து சேர்ந்தார்.

1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி வழியக் காந்தியிடம் வந்தார். காந்தி அவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் பெற்றார்; அதன் பின்னரே நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார். இச்செய்தி தமிழ்த் தொழிலாளரிடையே பரவி, அவர்கள் காந்தியை நாடி வரத் தொடங்கினர்.

1897 கப்பல் நிகழ்வு

1896இல் காந்தி குடும்பத்தை அழைத்துவர இந்தியா சென்றார். அப்போது பம்பாயில் பிளேக் பரவியது. ராஜ்கோட்டில் தூய்மைக் குழுவில் சேர்ந்து வீடு வீடாகக் கழிப்பிடங்களைப் பார்வையிட்டார். செல்வர்களின் கழிப்பிடங்கள் சீர்கெட்டிருந்ததையும், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோரின் வீடுகள் தூய்மையாக இருந்ததையும் கண்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் அவர் திரும்பிய கூர்லண்ட் கப்பலும், உடன் வந்த நாதேரி கப்பலும் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டன. பம்பாயில் பிளேக் இருந்தது காரணமாகக் கூறப்பட்டது. கப்பல்களில் எவருக்கும் அந்நோய் இல்லாதபோதும் காவல் நாட்கள் நீட்டிக்கப்பட்டு, மூன்று கிழமைகளுக்கு மேல் பயணிகள் கடலிலேயே இருந்தனர். இந்தியரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நகரில் கூட்டங்கள் நடைபெற்றன. 1897 ஜனவரி 13 அன்று கரை இறங்கிய காந்தியை ஒரு கும்பல் தாக்கியது. காவல்துறைக் கண்காணிப்பாளரின் மனைவி அலெக்சாண்டர் அம்மையார் இடையில் புகுந்து அவரைக் காத்தார். நோய்த்தடுப்பு என்னும் பெயரில் குடியேறிகளை விலக்க முடியும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மருத்துவமனைப் பணி

டர்பனில் மருத்துவர் பூத், புனித எய்டன் சமயப் பணி மன்றத்தின் சார்பில் நடத்திய சிறு மருத்துவமனையில் காந்தி நாள்தோறும் காலையில் கம்பவுண்டராகப் பணியாற்றினார். பார்சி ருஸ்தம்ஜி என்னும் வணிகர் இம்மருத்துவமனைக்கு நிதி வழங்கினார். நோயாளிகளின் குறைகளைக் கேட்டறிவது, அவற்றை மருத்துவருக்கு எடுத்துரைப்பது, அவர் எழுதித் தரும் மருந்தைக் கலந்து கொடுப்பது ஆகியன காந்தியின் வேலைகள். நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வடஇந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆங்கில மருத்துவருக்கும் ஆங்கிலம் அறியாத நோயாளிக்கும் இடையே நின்ற இப்பணி, அவருக்குத் தொழிலாளரோடு நெருங்கிய தொடர்பை ஏற்படுத்தியது.

1899இல் போயர் போர் தொடங்கியபோது காந்தி ஓர் இந்திய மருத்துவ உதவிப் படையை அமைத்தார். மருத்துவர் பூத் இவர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இப்படையில் சுமார் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். காயமுற்ற வீரர்களைத் தூக்குப்படுக்கையில் சுமந்து நாளொன்றுக்கு 20 மைலுக்கும் மேல் நடந்தனர்.

1900 மே மாதம் இளைய மகன் தேவதாஸ் பிறந்தபோது மருத்துவர் வரத் தாமதமாயிற்று. தாய்மார்களுக்காகக் குஜராத்தியில் எழுதப்பட்ட ஒரு மருத்துவ நூலை முன்னரே படித்திருந்த காந்தி, தாமே மகப்பேற்றைக் கவனித்தார். தாய்மொழியில் எளிதாக எழுதப்பட்ட மருத்துவ நூல் எவ்வாறு பயன்படும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டார்.

தூய்மை இயக்கம்

டர்பனில் பிளேக் வரக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது, நகராட்சியின் இசைவுடன் காந்தியும் தொண்டர்களும் இந்தியர் வீடுகளுக்குச் சென்று தூய்மை பற்றி எடுத்துரைத்தனர். சில வீடுகளில் அவமதிப்பும் பல வீடுகளில் அக்கறையின்மையுமே கிடைத்தன. உரிமை கேட்பதற்குக் கூடிய மக்கள், கடமையைச் சொன்னபோது ஆர்வம் காட்டவில்லை என்பதை உணர்ந்தார். ஆயினும், இந்தியர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டில் உண்மையான பகுதியை இந்தியரே களைய வேண்டும்; பொய்யான பகுதியை அரசின் முன் மறுக்க வேண்டும் என்னும் இரட்டை நிலையை அவர் கைவிடவில்லை.

1903 ஜூன் மாதம் இந்தியன் ஒப்பீனியன் இதழ் தொடங்கப்பட்டது. இது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. இந்தி, தமிழ்ப் பகுதிகளுக்குத் தகுந்த ஆசிரியர்களும் அச்சுக் கோப்போரும் கிடைக்காமையால் 1906இல் அவை நிறுத்தப்பட்டன.

1904 ஜோகானஸ்பர்க் பிளேக்

ஜோகானஸ்பர்க்கில் இந்தியர்கள் கூலி லொக்கேஷன் என்று அழைக்கப்பட்ட ஒதுக்குப்புறத்தில் வாழ்ந்தனர். 1903இல் நகராட்சி அவ்விடத்தைக் கையகப்படுத்தியது. உரிமையாளர்களாக இருந்தோர் வாடகைக்குடியினர் ஆயினர், நெரிசல் மிகுந்தது, குப்பை அகற்றும் பணி மேலும் சீர்கெட்டது. 1904 பெப்ரவரியில் காந்தி நகரச் சுகாதார அதிகாரி போர்ட்டருக்குக் கடிதம் எழுதி, நிலைமை சீராக்கப்படாவிட்டால் தொற்றுநோய் தோன்றும் என எச்சரித்தார்.

மார்ச் 18 அன்று, தங்கச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்த 23 இந்தியர்கள் நுரையீரல் பிளேக் நோயுடன் அங்கு வந்து சேர்ந்தனர். மூச்சுக்காற்றின் வழி பரவும் இவ்வகை பிளேக், மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. இதழுக்குச் சந்தா சேர்க்க வந்திருந்த மதன்ஜித் வியவஹாரிக், பூட்டியிருந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து நோயாளிகளை அங்கு சேர்த்தார். காந்தி, மருத்துவர் வில்லியம் காட்பிரே, காந்தியின் அலுவலகத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் ஆகியோர் இரவு முழுவதும் பணிவிடை செய்தனர். மறுநாள் நகராட்சி ஒரு காலிக் கிடங்கையும் ஒரு செவிலியரையும் அளித்தது. நோயாளிகளில் இருவர் மட்டுமே பிழைத்தனர். அச்செவிலியரும் நோய்க்கு இரையானார்.

குடியிருப்பைக் காலி செய்து எரித்துவிட நகராட்சி முடிவு செய்தது. மக்கள் அஞ்சினர். பலர் தம் சேமிப்பை மண்ணில் புதைத்து வைத்திருந்தனர். காந்தி அவர்களிடம் நோயின் தன்மையையும் இடமாற்றத்தின் தேவையையும் விளக்கினார். பணத்தைப் பெற்று வங்கியில் இட உதவினார். அவ்வாறு சேர்ந்த தொகை ஏறத்தாழ 60,000 பவுண்டு எனத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். மக்கள் நகருக்கு வெளியே கிளிப்ஸ்புரூட்டில் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டனர். பழைய குடியிருப்பு எரிக்கப்பட்டது. கிளிப்ஸ்புரூட் பின்னாளில் சொவேட்டோ நகரின் தொடக்கப் பகுதியாயிற்று.

டால்ஸ்டாய் பண்ணை

1910இல் ஹெர்மன் கல்லென்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. இங்கு தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. குப்பை குழிகளில் புதைக்கப்பட்டது. கழிவுநீர் மரங்களுக்கு ஊற்றப்பட்டது. மலம் ஆழமற்ற குழிகளில் இடப்பட்டு மண்ணால் மூடப்பட்டு எருவாக்கப்பட்டது. இதனால் நாற்றமும் ஈயும் இல்லாதிருந்தன. ஜி. யு. போப்பின் நூலைக் கொண்டு தாமே கற்ற சிறிதளவு தமிழில் காந்தி தமிழ்ச் சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்தார். டர்பனில் வீடு வீடாகச் சொல்லியும் பெற முடியாத பயனை, கூடி வாழ்ந்து செய்துகாட்டியதன் வழி இங்கு பெற்றார்.

1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் காய்ச்சலுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பெப்ரவரி 22 அன்று இறந்தார். காந்தி 1914 ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறினார். 1915இல் தமிழகம் வந்தபோது தில்லையாடிக்குச் சென்றார்.

நலவாழ்வு எழுத்துகள்

1913 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இந்தியன் ஒப்பீனியனில் உடல்நலம் பற்றிய பொது அறிவுத் தொடரைக் குஜராத்தியில் எழுதினார். காற்று, நீர், உணவு, உடற்பயிற்சி, தொற்றுநோய்கள், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, தீக்காயம், பாம்புக்கடி ஆகியன பற்றி எளிய நடையில் அது விளக்கியது. தமிழ்ப் பகுதி நின்றுபோயிருந்தமையால், தமிழும் தெலுங்கும் மட்டுமே அறிந்த தொழிலாளர்களுக்கு அத்தொடர் எழுதப்பட்ட காலத்தில் அச்சு வடிவில் எட்டவில்லை. பின்னர் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஏ. ராம ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னைத் திருவல்லிக்கேணியில் எஸ். கணேசன் 1921இல் வெளியிட்டார்.

1917இல் சம்பாரணில் பள்ளிகளோடு எளிய மருத்துவ உதவியையும் தூய்மைப் பணியையும் சேர்த்து நடத்தினார். 1942இல் ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது, பழைய தொடரின் பொருளைப் புதிதாக எழுதினார். ஆரோக்கியத் திறவுகோல் என்னும் பொருள்படும் பெயருடைய இந்நூலைச் சுசீலா நய்யார் ஆங்கிலத்தில் பெயர்த்தார், 1948இல் வெளிவந்தது.

விமர்சனங்கள்

காந்தியின் மருத்துவக் கருத்துகள் சில அறிவியலுக்குப் புறம்பானவை. 1913ஆம் ஆண்டுத் தொடரில் பெரியம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதினார். அந்நோய் தடுப்பூசியின் மூலமே ஒழிக்கப்பட்டு, 1980இல் உலக நலவாழ்வு அமைப்பு அதனை அறிவித்தது. 1904இல் பிளேக் நோயாளிகள் மூவருக்கு ஈரமண் பற்று இட்டதில் இருவர் பிழைத்ததை அவர் மண் மருத்துவத்தின் பயனாகக் கருதினார். மூவரை மட்டும் கொண்டு அவ்வாறு முடிவு செய்ய இயலாது. பிளேக் நோய்க்குப் பயனுள்ள நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் 1940களிலேயே கிடைத்தன.

1904ஆம் ஆண்டுக் கடிதத்தில், இந்தியர் குடியிருப்பில் ஆப்பிரிக்கர்களைக் குடியேற்றியதை எதிர்த்து அவர்களை அங்கிருந்து அகற்றக் கோரியிருந்தார். இந்தியர்மீது சுமத்தப்பட்ட அதே பழியை அவர் ஆப்பிரிக்கர்மீது சுமத்தினார் என ஆய்வாளர் பலர் இதனைக் கண்டித்துள்ளனர்.

தாக்கம்

1941இல் வெளிவந்த காந்தியின் நிர்மாணத் திட்டத்தில் ஊர்த் தூய்மையும் நலவாழ்வுக் கல்வியும் தனித்தனி இனங்களாக இடம்பெற்றன. குடியேறிய மக்களின் நோய்க்கு அவர்களுடைய அறியாமையை மட்டும் காரணமாக்காமல், நெரிசலான குடியிருப்பையும் நகராட்சியின் புறக்கணிப்பையும் சேர்த்துக் கண்டமை அவருடைய தென்னாப்பிரிக்கப் பணிகளின் சிறப்பாகும். அவ்வறிவு மக்களின் மொழியில் சென்றடைய வேண்டும் என்பதை நான்கு மொழி இதழின் தொடக்கம் காட்டியது; தமிழ்ப் பகுதி நின்றபோது ஏற்பட்ட இடைவெளியும் அதனையே உணர்த்துகிறது.