மூடிப்போன பார், தேடி அலையும் கூட்டம்: யார் இந்த டான் பீச்?

அட்டையை மடித்துச் செய்த ஒரு பழைய தீப்பெட்டி. உள்ளே ஒரு குச்சிகூட இல்லை. மேலே ஒரு பாரின் பெயரும் ஹாலிவுட் முகவரியும் மட்டும் இருக்கு. அந்த பார் 1985-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் இந்த வெறும் அட்டையைக் காசு கொடுத்து வாங்க இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பாரின் பெயர் 'டான் தி பீச்கோம்பர்'. பீச்கோம்பர் என்றால் கடற்கரையில் ஒதுங்கும் பொருட்களைப் பொறுக்கிச் சேர்ப்பவர். அதை நடத்திய டான் பீச், தன் தொழில் ரகசியங்களைப் பூட்டி வைத்தே வாழ்ந்தவர். கடைசியில் அந்த ரகசியங்களைக் காப்பாற்றித் தந்தது, ஒரு வெயிட்டரின் சட்டைப்பையில் இருந்த குட்டி நோட்டு. அது எப்படி?

முதல்ல, டீக்கி பார்னா என்ன?

கார் டிக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நியூசிலாந்தின் மாவோரிகள், மார்க்கேசஸ் தீவு மக்கள் போன்ற பாலினேசியர்கள் மனித உருவில் செதுக்கும் சிலைக்குத்தான் 'டீக்கி' என்று பெயர். மூங்கில் சுவர், மீன்பிடி வலை, மங்கலான வெளிச்சம், ரம்மில் பழச்சாறு கலந்த பானங்கள் என்று ஒரு தீவையே அறைக்குள் கொண்டுவந்த அமெரிக்க மதுக்கூடங்களுக்கு, பின்னாளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த பாணிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டான் பீச்.

ஹாலிவுட்டில் ஒரு தீவு

1907-ல் பிறந்த அவருடைய நிஜப் பெயர் எர்னஸ்ட் ரேமண்ட் பியூமாண்ட் கேன்ட். இளவயதில் கரீபியன், தென் பசிபிக் பக்கம் ஊர் சுற்றினார். போன இடத்தில் எல்லாம் கிடைத்த பொருட்களைச் சேர்த்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது கையில் பெரிய பணமில்லை, அந்தப் பொருட்கள் இருந்தன. தென்கடல் கதைகளைப் படமாக்கிய ஸ்டூடியோக்களுக்கு அவை செட் பொருட்களாகப் பயன்பட்டன.

1933 டிசம்பர் 5-ம் தேதி அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. அதையொட்டி ஹாலிவுட்டின் மெக்கேடன் பிளேஸ் தெருவில் ஒரு சின்ன பாரைத் திறந்தார். ரம் அப்போது மலிவு. அதை வைத்தே விளையாடினார். 1937-ல் அதே தெருவில் எதிர்ப்பக்கம் பெரிய இடத்துக்கு மாறினார். சார்லி சாப்ளின் உள்ளிட்ட நட்சத்திரங்கள் வந்துபோனார்கள். தகரக் கூரைமேல் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் பீய்ச்சி மழைச் சத்தம் வரவைத்தார் என்பது அவரைப் பற்றிப் பிரபலமாகச் சொல்லப்படும் கதை. வெளியே மழை பெய்யுதுன்னு நினைத்து வாடிக்கையாளர் இன்னொரு ரவுண்டு சொல்வாராம்!

பார் ஓடத் தொடங்கியதும் மனுஷன் பெயரையே மாற்றிக்கொண்டார். சட்டப்படியே 'டான் பீச்' ஆனார்.

கோட் வேர்டில் ரெசிபி

அவருடைய பானங்களில் பிரபலமானது 'ஸோம்பி'. பல வகை ரம் சேர்த்தது. அதில் ஒன்றில் ஆல்கஹால் அளவு 75 சதவீதத்துக்கும் மேல். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று கட்டுப்பாடே வைத்தார்.

கூட்டம் வந்ததும் காப்பியும் வந்தது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வேறொருவர் ஸோம்பி விற்றார். ஓக்லாந்தில் பார் நடத்திய விக்டர் பெர்ஜரான், டானின் கடையைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் 'டிரேடர் விக்ஸ்' என்று தன் கடையை மாற்றினார். பின்னாளில் அது உலகம் முழுக்கக் கிளை விட்டது.

அதனால் டான் எல்லாவற்றையும் குறியீட்டுக்குள் ஒளித்தார். பாட்டில்களில் சரக்கின் பெயர் இருக்காது, எண்ணோ எழுத்தோ மட்டும் இருக்கும். ரெசிபியில் 'டான்ஸ் மிக்ஸ்', 'ஸ்பைசஸ் நம்பர் 4' என்று எழுதியிருக்கும். கலக்கிக் கொடுக்கும் பார்டெண்டருக்கே உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. வேலையை விட்டுப் போனாலும் ரெசிபி வெளியே போகாது.

போருக்குப் போனார், கடை கைமாறியது

தொழிலை நிர்வகித்து வளர்த்தவர் அவருடைய மனைவி சன்னி சுண்ட். 1937-ல் கல்யாணம், 1940-ல் விவாகரத்து. பார்ட்னர்ஷிப் மட்டும் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் டான் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்தார். இத்தாலி போன்ற இடங்களில் களைத்துப்போன வீரர்களுக்கான ஓய்வு இல்லங்களை நடத்தினார். அந்த நேரத்தில் சன்னி கிளைகளைப் பெருக்கினார். பின்னாளில் அது ஒரு டஜனைத் தாண்டியது.

திரும்பி வந்த டானுக்குக் கிடைத்தது அதிர்ச்சிதான். கம்பெனியின் கட்டுப்பாடு சன்னியிடம் இருந்தது. தன் பெயரை வைத்தே அமெரிக்க நிலப்பரப்பில் அவரால் கடை திறக்க முடியவில்லை. ஹவாய் அப்போது மாநிலம் ஆகவில்லை. அதனால் அங்கே போனார். வைக்கீக்கியில் புதிதாகத் தொடங்கினார். 1950-களில் அங்கே 'இன்டர்நேஷனல் மார்க்கெட் பிளேஸ்' உருவாக அவரே காரணம். அதன் நடுவில் நின்ற ஆலமரத்தின் மேல் மரவீடும் கட்டினார். 1989-ல் ஹொனலுலுவில் காலமானார்.

அதற்கு நாலு வருஷம் முன்பே ஹாலிவுட் கடை மூடியாகிவிட்டது. 2013 இறுதியில் பழைய மார்க்கெட்டும் மூடப்பட்டு, 2016-ல் அங்கே புது மால் வந்தது. ஆலமரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

குப்பையில் கிடந்த வரலாறு

70-களில் டீக்கி மோகம் தணிந்தது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. மெனு கார்டு, பானம் கலக்கும் குச்சி, ஆஷ்ட்ரே, போஸ்ட்கார்டு, சிலை முகம் கொண்ட பீங்கான் கோப்பை எல்லாம் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. 90-களில் சிலர் இவற்றைப் பொறுக்கத் தொடங்கினார்கள். ஸ்வென் கிர்ஸ்டன் தன் தேடலை 2000-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார்.

இது வெறும் நாஸ்டால்ஜியா இல்லை. தீப்பெட்டியில் உள்ள முகவரியை வைத்து அது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கலாம். மெனுவில் உள்ள கிளைகளின் பட்டியல் கடை வளர்ந்த கதையைச் சொல்லும். கோப்பையைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் அடியில் ஜப்பான் முத்திரை இருக்கும். பசிபிக் தீவுச் சாமி முகம், செய்தது ஜப்பானில், விற்றது அமெரிக்காவில்!

ஜெஃப் பெர்ரி தேடியது ரெசிபியை. டானிடம் வெயிட்டராக இருந்த டிக் சாண்டியாகோ, 1937-ல் குறித்து வைத்த நோட்டு அவருடைய குடும்பத்திடமிருந்து கிடைத்தது. அதிலும் பாதி கோட் வேர்டுதான். பழைய ஊழியர்களையும் அவர்கள் வாரிசுகளையும் தேடிப்பிடித்துக் கேட்டார். கடைசியில் விடை கிடைத்தது. 'ஸ்பைசஸ் நம்பர் 4' என்பது பட்டை போட்ட சர்க்கரைப் பாகு. 'டான்ஸ் மிக்ஸ்' என்பது அதோடு கிரேப்ஃபுரூட் சாறு. அவ்வளவுதான்! 2007-ல் பெர்ரியின் புத்தகத்தில் அது வெளியானது.

யாருடைய கதை இது?

டானின் தீவில் ரம் கரீபியனுடையது. சாப்பாடு பெரும்பாலும் சீனத்தின் கான்டனீஸ் வகை. சுவரில் இருந்தது பாலினேசியா. கலக்கிக் கொடுத்த கைகள் பல, பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்களுடையவை. ஒரு மக்களின் புனித உருவத்தைக் குடிக்கிற கோப்பையாக்கலாமா என்ற கேள்வி இன்று பலமாகக் கேட்கப்படுகிறது. அது நியாயமான கேள்வி.

சேகரிப்பவர்களின் தேடல் இன்னொரு உண்மையையும் வெளியே கொண்டுவந்தது. ஒருவரின் பெயரில் ஓடிய கடையைத் தூக்கி நிறுத்தியவர்கள் வேறு பலர். டானிடம் வேலை பார்த்த பிலிப்பினோ பார்டெண்டர் ரே பூயென் 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் திறந்த 'டீக்கி-டி' என்ற குட்டி பாரை அவர் குடும்பம் இன்றும் நடத்துகிறது.

ரகசியம் காத்த முதலாளியின் பாட்டில்கள் போய்விட்டன. ஊழியர் எழுதி வைத்தது நின்றது. வீட்டை ஒழிக்கும்போது பழைய நோட்டையோ பில்லையோ தூக்கிப்போடும் முன்னால் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். எது வரலாறாகும் என்று யாருக்குத் தெரியும்?