இமாம் கஸ்ஸாலியின் உரைகல்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்ற பட்டத்துக்குரிய இமாம் அபூஹாமித் முஹம்மது அல்-கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் குராசான் நாட்டுத் தூஸ் நகரில் ஹிஜ்ரி 450-ல் (1058) பிறந்தார்கள். ஹுஜ்ஜத் என்றாலே ஆதாரம் என்றுதான் பொருள். தந்தையார் கம்பளி நூற்றுப் பிழைத்த ஏழை என்பர்.

ஜுர்ஜானில் ஓதிவிட்டுத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களுடைய குறிப்பேடுகளைப் பறித்துக்கொண்டனர். தம் கல்வியெல்லாம் அதில் இருப்பதாக இமாம் கெஞ்ச, காகிதத்தோடு போய்விடுவதும் ஒரு கல்வியா என்று தலைவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். ஊர் சேர்ந்ததும் மூன்றாண்டுகள் உட்கார்ந்து அத்தனையையும் மனனம் செய்தார்கள். பின்னர் நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் ஓதி, 1091-ல் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியரானார்கள்.

தாம் அறிந்தது உண்மைதானா என்ற ஐயம் ஒரு காலத்தில் அவர்களைப் பிடித்தாட்டியது. கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு தீனார் காசளவு; கணித நிரூபணமோ அது பூமியினும் பெரிது என்கிறது. கண்ணைப் புத்தி பொய்யாக்கியதுபோல், புத்தியைப் பொய்யாக்கவும் ஒன்று இருந்தால்? ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த நோய். தர்க்கத்தால் தீரவில்லை. தர்க்கத்துக்கும் முதல் வேண்டுமே. முதலிலேயே சந்தேகம் வந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்! அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியால் தெளிந்ததாக அவர்களே எழுதியுள்ளார்கள்.

தலீல் என்பது ஆதாரம். புர்ஹான் என்பது மறுக்கவொண்ணா நிரூபணம். அது தருவதே யகீன், அசையாத உறுதி. எல்லாத் தலீலும் புர்ஹான் ஆகிவிடாது. மூன்றுதான் பத்தைவிடப் பெரிது என்று சொல்லி, ஒருவன் தன் தடியைப் பாம்பாக்கிக் காட்டினாலும் நமக்கு வியப்பு வருமேயன்றிக் கணக்கில் ஐயம் வராது என்பது இமாமவர்களின் உதாரணம்.

மன்திக் என்னும் தர்க்கக் கலையில் அவர்கள் எழுதிய நூல்களின் பெயர்களைப் பாருங்கள். மிஃயாருல் இல்ம் என்பது அறிவின் அளவை. மிஹக்குன் நழர் என்பது சிந்தனையின் உரைகல். கிஸ்தாஸுல் முஸ்தகீம் என்பது நேரான தராசு. மூன்றும் நம் கடைத்தெருச் சாமான்கள்!

தத்துவவாதிகளை அவர்கள் கண்டித்ததும் இந்தத் தராசைக் கொண்டுதான். தர்க்க நூலில் புர்ஹானுக்கு விதித்த நிபந்தனைகளை அவர்கள் இறைவனைப் பற்றிய பேச்சில் கைவிட்டுவிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு. வாங்க ஒரு படி, விற்க ஒரு படி! ஆனால் அதே நூலில், கிரகணத்துக்கு வானநூலார் காட்டும் கணக்கை மார்க்கத்தின் பேரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என்றும் எழுதினார்கள்.

1095-ல் பாடஞ்சொல்ல நா எழவில்லை. பதவியைத் துறந்து திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், ஹஜ் என்று புறப்பட்டார்கள். 1106-ல் நிஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். இறுதிக் காலத்தில் எழுதிய முஸ்தஸ்ஃபா என்ற சட்ட மூலாதார நூலுக்கும் முகப்பாகத் தர்க்கத்தையே வைத்தார்கள். ஹிஜ்ரி 505-ல் (1111) தூஸிலேயே வபாத்தானார்கள்.