ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்

திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப் பாதையில், தென்பெண்ணையாற்றின் கரையை அடுத்துள்ளது திருக்கோவலூர். உலகளந்த பெருமாளைச் சேவிக்கவும் வீரட்டேசுவரரைத் தரிசிக்கவும் நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல ஆண்டுதோறும் அங்குச் சென்று வருவதுண்டு. 1910-ஆம் வருஷத்தில் அவ்வூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர் ஸ்ரீமான் வி. ராமஸ்வாமி ஐயர். ஒருநாள் அவரைத் தேடி இருபத்திரண்டு வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் வந்து, தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று விண்ணப்பித்துக்கொண்டார். கலாசாலைப் பரீக்ஷையிலே தேறாதவர். கையிலிருந்ததோ ஒரு கணக்கு நோட்டுப் புத்தகம் மாத்திரமே. அவரே பின்னர் உலகமெங்கும் பிரசித்தி பெற்ற ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்.

இவர் நம் சமூகத்திற் பிறந்தவரல்லர். ஆயினும் நமது மலைக்கு இத்தனை அருகில் இவருடைய விதி திரும்பிற்றாதலால், இவருடைய சரித்திரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்வது தகுதியெனக் கருதினேன்.

ராமாநுஜன் 1887-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி, ஈரோட்டில் தம் தாய்ப்பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடையொன்றில் கணக்கு எழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிற் பஜனையிற் பாடுபவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலுள்ள சிறிய வீட்டில், ஏழ்மையிலே, இவர் வளர்ந்தார். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது 1903-ஆம் வருஷத்தில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இவர் கைக்கு வந்தது. அதிலே ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் வரிசையாக உள்ளன. அவற்றுக்கு நிரூபணமோ பெரும்பாலும் இல்லை. நிரூபணம் இல்லாமையே இவருக்கு அநுகூலமாயிற்று என்பது என் எண்ணம். ஒவ்வொன்றையும் தாமே நிறுவப் புகுந்து, அந்நூலில் இல்லாதவற்றையும் காணத் தொடங்கினார்.

1904-இல் பரிசும் உபகாரச் சம்பளமும் பெற்றுக் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே கணிதமொன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் உபகாரச் சம்பளம் போயிற்று. வீட்டை விட்டு விசாகப்பட்டணம் வரை ஓடினார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தும், எப்.ஏ. பரீக்ஷையில் 1906-லும் 1907-லும் தவறினார். 1909-இல் ஜானகி என்னும் சிறுமியோடு விவாகம் நடந்தது. இனிச் சம்பாதித்தே தீரவேண்டும் என்னும் நிலையிலேதான் திருக்கோவலூருக்கு வந்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் சங்கத்துக் கல்வி நிதியிலும், ஒரு பாடத்தில் தவறிய மாணவனுக்கு மறுவருஷம் உதவி நிறுத்தப்படும் என்னும் விதி இருக்கிறது. நிதி சிறிது, விண்ணப்பங்கள் பல; ஆதலால் அவ்விதிக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவ்விதியின்படி பார்த்தால் ராமாநுஜனுக்கு நாமும் ஒரு காசு கொடுத்திருக்கமாட்டோம். காரியக் கமிட்டியார் இதனை ஆலோசிக்க வேண்டுகிறேன்.

ராமஸ்வாமி ஐயர் வெறும் உத்தியோகஸ்தராக மாத்திரம் இருந்திருப்பாராயின், வேலை உண்டு அல்லது இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார். அவரோ 1907-ஆம் வருஷத்தில் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவுடன், இப்பேர்ப்பட்ட அறிவை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியிலே அமர்த்தி அடக்கிவிடத் தமக்கு மனம் வரவில்லை என்று உணர்ந்தார். வேலை கொடாமல், சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். வேலை கொடாததே பேருபகாரமாயிற்று.

அப்பால் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சிறிதுகாலம் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1911-இல் இவருடைய முதற்கட்டுரை இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானார். 1913-ஆம் வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும், 1914-ஆம் வருஷம் மார்ச்சில் கப்பலேறியதும், 1729 என்னும் எண்ணைப்பற்றிய கதையும் யாவரும் அறிந்தவையாதலால் விரிக்கவில்லை. அவர் அங்கே செய்த வேலைகளுள் ஒன்றை மாத்திரம் விளங்கச் சொல்ல விரும்புகிறேன்.

கார்த்திகைத் தீபத்தன்று நம் வீட்டுக் குழந்தைகள் திண்ணையில் அகல் விளக்குகளை வரிசை வரிசையாக அடுக்குகிறார்கள். நான்கு விளக்குகள் உள்ளன என்போம். நான்கையும் ஒரே வரிசையாக வைக்கலாம், மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம், இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, ஒவ்வொன்றாக நான்கு வரிசையிலும் வைக்கலாம். ஆக ஐந்து விதம். பத்து விளக்குகளாயின் 42 விதம். நூறாயின் 19,05,69,292 விதம். இருநூறாயின் ஏறக்குறைய நான்கு லட்சம் கோடி. எந்த எண்ணுக்கும் இவ்விதங்களின் தொகையைக் கணித்தறியும் சூத்திரத்தை ராமாநுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்டனர். மக்மஹோன் என்பவர் கையாற் கணக்கிட்டு வைத்திருந்த இருநூறுக்குரிய விடையோடு அது ஒத்திருந்தது.

மேலும் ராமாநுஜன் ஒரு விந்தையைக் கண்டார். 4, 9, 14, 19 என ஐந்தைந்தாகக் கூடிச்செல்லும் எண்களுக்குரிய தொகைகள் யாவும் ஐந்தால் மீதியின்றி வகுபடும். ஏன் வகுபடவேண்டும்? அதற்கு நிரூபணம் கொடுத்தார். ஆயினும் அடுக்கும் விதங்களையே ஐந்து சமக் கூட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வழியை 1944-இல் டைசன் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் குறிப்பிட்டார். நீளமான வரிசையிலுள்ள விளக்குகளின் எண்ணிக்கையிலிருந்து வரிசைகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். நம் ஐந்து விதங்களுக்கும் முறையே 3, 1, 0, கழித்தல் 1, கழித்தல் 3 எனக் கிடைக்கும். ஐந்தால் வகுத்தால் மீதிகள் ஐந்தும் வெவ்வேறாயிருக்கும். இருபுறமும் துலாத்தட்டுப்போல் இவ்வெண்கள் ஒத்து நிற்பதையும் நோக்குக. மூன்றும் ஒன்றுமான அடுக்கில் வரிசைகளைப் பத்திகளாகத் திருப்பினால் அது இரண்டும் ஒன்றும் ஒன்றுமாகிவிடும். அந்தச் சமச்சீர்மையே இதற்குக் காரணம். டைசனுடைய கருத்து மெய்யென்று 1954-இல் நிரூபிக்கப்பட்டது.

இதனால் உலகத்துக்குப் பயன் என்ன என்று கேட்போர் உண்டு; என் வீட்டிலும் கேட்டார்கள். அணுவின் கருவுக்குள் இருக்கும் சக்தி பல துகள்களிடையே எத்தனை விதமாகப் பங்கிடப்படும் என்பது, விளக்கு அடுக்கும் கணக்கைப் போன்றதே. 1937-இல் நீல்ஸ் போரும் கால்காரும் அணுக்கருவை ஆராய்ந்தபோது ராமாநுஜன் சூத்திரத்தை எடுத்தாண்டார்கள். 1946-இல் டில்லியைச் சேர்ந்த அவுலக்கும் கோத்தாரியும் வெப்பவியலுக்கும் இப்பிரிவினைக் கணக்கிற்குமுள்ள தொடர்பை விரித்தெழுதினர். 1980-இல் ஆஸ்திரேலியாவிலிருந்த பாக்ஸ்டர், தேன்கூட்டு அறைகளைப் போன்ற அறுகோணங்கள் ஒன்றன்மேலொன்று ஏறாமல் ஒரு தளத்திற் பரவுவதை, அணுக்கள் ஒரு பரப்பிற் படிவதற்கு மாதிரியாகக் கொண்டு கணக்கிட்டார். அப்போது ராமாநுஜனும், அவருக்கு முன் ரோஜர்ஸும் கண்ட சமன்பாடுகள் தாமாகவே எதிர்வந்து நின்றன. ராமாநுஜன் அணுவை நினைத்து அவற்றை எழுதினாரல்லர்.

1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவியும், டிரினிட்டி கலாசாலையின் பெல்லோ பதவியும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் யுத்தகாலம், மரக்கறி உணவு அரிது, குளிர் கொடியது. நோய் பற்றிக்கொண்டது. 1919-இல் தாய்நாடு திரும்பினார். படுக்கையிலிருந்தபடியே 1920-ஆம் வருஷம் ஜனவரியில் ஹார்டிக்குப் புதியதொரு கணித வகையைப்பற்றி எழுதினார். அதே வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி, தம் முப்பத்திரண்டாம் வயதில், சென்னையிற் காலமானார்.

கடைசி மாதங்களில் அவர் எழுதிய தாள்கள் சீமைக்குச் சென்று, கைமாறிக் கைமாறி, டிரினிட்டி நூல்நிலையத்தின் பெட்டியொன்றிற் கிடந்தன. 1976-இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். அப்போது ஜானகியம்மாள் திருவல்லிக்கேணியில் வசித்து வந்தார். விதவையான பின் தையல் வேலை கற்று, அதனால் ஜீவித்தவர் அவர். 1994-ஆம் வருஷம் வரை உயிரோடிருந்தார்.